கதவை எண்ணாதீர்கள், கிலோவை எண்ணுங்கள்

ஜெர்மனியில் முதல் வேகக் கார் வாங்கத் தயாராகும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



மியூனிக்கிலும் ஸ்டுட்கார்ட்டிலும் இங்கோல்ஸ்டாட்டிலும் இருக்கும் உங்களில் பலருக்குக் கார்தான் பிழைப்பு. பகலில் பிரேக்குக்கோ பேட்டரிக்கோ மென்பொருள் எழுதுகிறீர்கள், இரவில் பழைய கார் விளம்பரங்களைப் புரட்டுகிறீர்கள். வேலை நிரந்தரமாகிவிட்டது, ஊரில் கடன் அடைந்துவிட்டது, கையில் கொஞ்சம் சேமிப்பும் நிற்கிறது. இனி ஆசைப்பட்டதை வாங்கலாம். ஆனால் நீங்கள் கூடிப் பேசும்போதெல்லாம் பேச்சு ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. எதற்கு எத்தனை குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி, கடைசியில் கூபேயா செடானா? கூபே என்றால் ஓட்டத் தெரிந்தவன் கார், செடான் என்றால் குடும்பஸ்தன் கார் என்று தீர்ப்பும் கையோடு வந்துவிடுகிறது.

அந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மன் வேகக் கூபேக்களில் இரண்டு வகை உண்டு. செடானுக்குப் போட்ட அடித்தளத்தையே எடுத்து, இரண்டு கதவோடு கட்டி முடித்தது ஒரு வகை. பிஎம்டபிள்யூ எம்4, மெர்சிடிஸ் சி63 கூபே, ஆடி ஆர்எஸ்5 எல்லாம் இதில் சேரும். முதல் கோடு வரையும்போதே ஸ்போர்ட்ஸ் காராகப் பிறந்தது இன்னொரு வகை. போர்ஷே 911-ம் கேமனும் அப்படிப்பட்டவை. முதல் வகையில் கூபேக்கும் செடானுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கண்ணோடு நின்றுவிடும். இரண்டாவது வகையில் இன்ஜின் இருக்கும் இடமே வேறு, எடை விழும் இடமே வேறு, ஆகவே ஓட்டும் முறையும் வேறு. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுவதால்தான் உங்கள் வாதம் முடியவே மாட்டேன் என்கிறது.

செடானைக் குடும்பக் கார் என்று தள்ளுமுன் அதன் பூர்வீகத்தைப் பாருங்கள். 1983-ல் மெர்சிடிஸ், தன் சிறிய 190 செடானுக்கு இங்கிலாந்தின் காஸ்வர்த் நிறுவனம் வடிவமைத்த பதினாறு வால்வு சிலிண்டர் ஹெட்டைப் பொருத்தியது. அந்த ஆகஸ்டில் இத்தாலியின் நார்டோ வட்டத் தடத்தில் அந்தக் கார்கள் 50,000 கிலோமீட்டர் ஓடின. சராசரி வேகம் மணிக்கு 247.94 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு மே 12 அன்று, புதிய நூர்பர்க்ரிங் தடத்தின் திறப்பு விழாவில் ஃபார்முலா ஒன் உலகின் பெரிய பெயர்களை எல்லாம் அதே 190 செடான்களில் உட்காரவைத்துப் பந்தயம் விட்டார்கள். நிக்கி லாடாவைப் பின்னுக்குத் தள்ளி ஜெயித்தவர், அப்போது 24 வயதே ஆன அயர்ட்டன் சென்னா. நான்கு கதவு அவருக்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

அதற்கு மியூனிக் சொன்ன பதில்தான் முதல் எம்3. பிஎம்டபிள்யூவின் இன்ஜின் மேதை பால் ரோஷே, ஆறு சிலிண்டர் எம்1 இன்ஜினின் ஹெட்டில் இரண்டு சிலிண்டர் அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை நான்கு சிலிண்டர் பிளாக்கின் மேல் பொருத்தி இரண்டே வாரத்தில் முன்மாதிரியை ஓடவைத்தார். குரூப் ஏ டூரிங் கார் பந்தயத்தில் நுழைய வேண்டுமானால் பன்னிரண்டு மாதத்தில் 5,000 கார் கட்ட வேண்டும் என்பது விதி. அந்த விதிக்காகவே 1986-ல் அது சாலைக்கு வந்தது. சுமார் 200 குதிரைத்திறன், ஏறக்குறைய 1,200 கிலோ எடை. பார்வைக்கு இரண்டு கதவுக் கார்தான். ஆனால் அடியில் இருந்தது சாதாரண 3 சீரிஸ் செடானின் தளம். காற்று பின் ஸ்பாய்லருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவேண்டும் என்று பின்கண்ணாடியின் சாய்வை மாற்றி, டிக்கி மூடியை உயர்த்தினார்கள், சக்கர வளைவுகளைப் பெட்டி போலப் புடைக்கவைத்தார்கள். இத்தனையும் அழகுக்காகச் செய்ததல்ல, பந்தயத் தேவைக்காகச் செய்தது. அடுத்த ஆண்டே ராபர்ட்டோ ரவாக்லியா அதில் உலக டூரிங் கார் பட்டத்தை வென்றார்.

இன்னொரு செடானையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1990-ல் மெர்சிடிஸ் காட்டிய 500இ. ஐந்து லிட்டர் வி8 இன்ஜினை நடுத்தர அளவு செடானுக்குள் அடக்கும் வேலையை மெர்சிடிஸ், போர்ஷேயிடம் கொடுத்தது. முன்சக்கர வளைவுகள் புடைத்ததில் காரின் அகலம் 56 மில்லிமீட்டர் கூடிப்போனது. மெர்சிடிஸின் சிண்டல்ஃபிங்கன் ஆலையின் அசெம்பிளி வரிசையில் அது நுழையவில்லை. ஆகவே உடற்கூடு போர்ஷேயின் சுஃபன்ஹௌசனில் தயாராகி, பெயின்ட்டுக்கு சிண்டல்ஃபிங்கன் போய், இன்ஜின் பொருத்த மறுபடி சுஃபன்ஹௌசன் வந்து, கடைசிச் சோதனைக்குத் திரும்பவும் சிண்டல்ஃபிங்கன் போனது. ஒரு காருக்கு 18 நாள் பிடித்தது. 326 குதிரைத்திறன் இருந்தும் வெளியே ஒரு பகட்டும் கிடையாது. சாலையில் எதிரே வந்தால் டாக்ஸி என்று நினைத்துவிடுவீர்கள். மொத்தம் 10,479 கார்கள் இப்படி உருவாயின. ஓட்டத் தெரிந்தவனின் கார் எது என்று கேட்டால், நான் முதலில் விரல் நீட்டுவது இதைத்தான்.

இப்போது உங்கள் பட்ஜெட்டுக்கு அருகில் வருகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு காலகட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் 2007-08-ஐ எடுப்பேன். மூன்று நிறுவனங்களும் ஒரே அளவு செடானில், டர்போ இல்லாத வி8 இன்ஜினை வைத்து மோதிய காலம் அது. பிஎம்டபிள்யூ எம்3 (இ90), மெர்சிடிஸ் சி63 ஏஎம்ஜி (டபிள்யூ204), அவற்றுக்குச் சற்று முன்பே வந்துவிட்ட ஆடி ஆர்எஸ்4 (பி7). ஒரே கேள்விக்கு மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள்.

எம்3-ன் இன்ஜின் நான்கு லிட்டர், 420 குதிரைத்திறன். அந்த முழு பலமும் வருவது 8,300 ஆர்பிஎம்மில். டார்க் வெறும் 400 நியூட்டன் மீட்டர். எட்டு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில். இன்ஜினின் எடை 202 கிலோ, முந்தைய எம்3-ன் ஆறு சிலிண்டர் இன்ஜினைவிட 15 கிலோ குறைவு. சிலிண்டர் இரண்டு கூடியும் எடை குறைந்தது என்பதில்தான் அந்த நிறுவனத்தின் குணம் இருக்கிறது. 3,000 ஆர்பிஎம்மில் ஓட்டினால் ‘இதற்கா இத்தனை பேச்சு?’ என்று தோன்றும். 6,000-ஐத் தாண்டினால்தான் அது வாய் திறக்கும். மூக்கில் பாரம் குறைவு என்பதால் ஸ்டீயரிங்கைத் திருப்பிய மறுகணம் முன்சக்கரம் கேட்கிறது. டாக்கோமீட்டரைக் கவனியுங்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது மேல்பகுதியில் மஞ்சள் விளக்கு எரியும். ஆயில் சூடாக ஆக, எச்சரிக்கை எல்லை கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகரும். இந்தக் காரில் பொறுமையும் ஓட்டும் திறமையில் சேர்த்தி.

சி63 நேர் எதிர். 6,208 சிசி, 457 குதிரைத்திறன், 600 நியூட்டன் மீட்டர் டார்க். மெர்சிடிஸின் வேகக் கார்ப் பிரிவான ஏஎம்ஜி தானே முழுக்க முழுக்க வடிவமைத்த முதல் இன்ஜின் வரிசை இது. அதன் அஃபால்டர்பாக் ஆலையில் ஒரே தொழிலாளி ஓர் இன்ஜினைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கோத்து, அதன் மேல் தன் கையெழுத்துத் தகட்டைப் பதிப்பார். கியர்பாக்ஸ் ஏழு வேக ஆட்டோமேட்டிக் மட்டும்தான். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாலே பின்சக்கரம் வழுக்கத் துடிக்கும், ஈரச் சாலையில் வலதுகால் விரல்களுக்கு வேலை அதிகம். எம்3 மேலே தேடும் பலம் இதில் கீழேயே குவிந்து கிடக்கிறது. நூறை 4.5 வினாடியில் தொடும் இது, மூன்றிலும் முதல். ஆனால் வளைவுக்கு வளைவு ஒட்டிக்கொண்டு போகும் சுகம் எம்3 அளவுக்கு இல்லை.

ஆர்எஸ்4-ன் 4.2 லிட்டர் இன்ஜினும் 420 குதிரைத்திறன்தான், 7,800 ஆர்பிஎம்மில். ஆறு வேக மேனுவல் கியர் மட்டுமே. குவாட்ரோ அமைப்பு 40 பங்கை முன்னாலும் 60 பங்கைப் பின்னாலும் அனுப்புகிறது. நவம்பர் மழையில், இலை உதிர்ந்து வழுக்கும் மலைப்பாதையில் மற்ற இரண்டும் தயங்குகிற இடத்தில் இது தயங்காது. ஆனால் இன்ஜின் முன் ஆக்ஸிலுக்கும் முன்னால் தொங்குகிறது. கூர்மையான வளைவில் வேகமாக நுழைந்தால் மூக்கு வெளிப்பக்கம் தள்ளும். எத்தனை கெட்டிக்கார டிஃபரன்ஷியல் வைத்தாலும் இன்ஜின் இருக்கும் இடத்தை அது மாற்றிவிடாது.

கூபேக் கேள்விக்கு வருவோம். அதே எம்3 கூபேயாகவும் வந்தது. கார்பன் ஃபைபர் கூரை போட்டதுதான் அதன் பெரிய பெருமை. செடானைவிட எடை குறைந்தது சுமார் 25 கிலோ. பின்சீட்டில் ஒரு சின்னப் பையனை ஏற்றினால் அந்த லாபம் போயிற்று. சி63 கூபே 2011-ல்தான் வந்தது, அதுவும் அதே இன்ஜினோடு. ஆர்எஸ்4-ல் கூபே என்று ஒன்று வரவே இல்லை. ஆக, இந்த மூன்று நிறுவனங்களிலும் முதலில் முடிவு செய்யவேண்டியது இன்ஜினின் குணத்தையும் அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும். கதவு எத்தனை என்பது உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது.

போர்ஷே 911-க்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதே காலத்து 997 தலைமுறை கரேரா எஸ், 355 குதிரைத்திறன் கார். எம்3 கூபேயைவிட 65 குறைவு. ஆனால் நூறைத் தொட இரண்டுக்கும் நிறுவனங்கள் சொன்ன நேரம் ஒன்றேதான், 4.8 வினாடி. காரணம், கரேரா எஸ் 1,420 கிலோ, எம்3 கூபே 1,580 கிலோ. 160 கிலோ வித்தியாசம், அந்த 65 குதிரைகளை விழுங்கிவிட்டது. அதோடு இன்ஜின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் இருப்பதால் பாரத்தின் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மேல் விழுகிறது. வளைவைவிட்டு வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் டயர் தரையைக் கவ்விக்கொண்டு தள்ளும். நுழையும்போதோ கதை வேறு. முன்பக்கம் இலேசு என்பதால், பிரேக்கைச் சட்டென்று விடாமல், திருப்பத்துக்குள்ளும் கொஞ்சம் அழுத்தத்தை வைத்துக்கொண்டே போய் மூக்கில் பாரத்தை ஏற்ற வேண்டும். செடானில் பழகிய கால் இதை முதலில் மறக்கும். இது தனிக் கலை, தனியாகத்தான் கற்க வேண்டும். இன்ஜினை நடுவில் வைத்த கேமன் எஸ் இன்னும் இலேசு, சுமார் 1,340 கிலோ. 295 குதிரைத்திறன்தான். அட்டவணையில் தோற்கும், மலைப்பாதையில் தோற்காது. தனியாகவோ இருவராகவோதான் போவீர்கள், ஓட்டுவதற்காகவே ஓட்டுவீர்கள் என்றால் நான் கைகாட்டுவது இந்தக் கூபேக்களைத்தான்.

கிலோவை ஏன் இத்தனை முறை சொல்கிறேன் என்று தெரிய, இன்றைய நிலவரத்தைப் பாருங்கள். 1985-ல் வந்த முதல் எம்5, 286 குதிரைத்திறனோடு சுமார் 1,430 கிலோ. 2024-ல் வந்த ஹைபிரிட் எம்5-க்கு 727 குதிரைத்திறன், 2,435 கிலோ. அதற்கு முந்தைய எம்5 காம்பெடிஷன் 625 குதிரைத்திறனில் நூறை 3.3 வினாடியில் தொட்டது. புதியதற்கு 3.5 வினாடி ஆகிறது. நூறு குதிரை கூடியும் பின்னால் நிற்கிறது. 2022-ல் அறிமுகமான சி63-ம் நான்கு சிலிண்டரோடு மின்மோட்டாரைச் சேர்த்து 680 குதிரைத்திறன் காட்டுகிறது, எடை 2,100 கிலோவைத் தொடுகிறது. ‘சின்னது’ என்று எல்லோரும் நம்பும் எம்2 கூபேகூட 1,700 கிலோ பக்கம் வந்துவிட்டது, ஏறக்குறைய எம்4-ன் எடை. வேகத்துக்குப் பஞ்சமே இல்லை. நம் ஊரில், மறைமலை நகர்ப் பக்கத்து பிஎம்டபிள்யூ ஆலையில் 2021 முதல் கோக்கப்படும் எம்340ஐ செடான்கூட 4.4 வினாடியில் நூறைத் தொடுகிறது, அந்தப் புகழ்பெற்ற வி8 எம்3-ஐவிட வேகமாக. அதனால் அது எம்3-ஐவிட ஓட்டுவதற்கு நல்ல கார் என்று யாராவது சொல்வீர்களா? மாட்டீர்கள். அப்படியானால் அந்த எண்ணை வைத்து மற்ற கார்களுக்குத் தீர்ப்பு எழுதுவது மட்டும் எப்படி?

எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. ஆட்டோபானில் வேக வரம்பு இல்லாத பகுதிகள் உண்டு, உண்மை. ஆனால் 130 என்ற பரிந்துரை வேகம் அங்கேயும் பொருந்தும். அதைத் தாண்டினால் அபராதம் இல்லை, ஆனால் விபத்து நடந்தால் தவறு அடுத்தவர் மேல் இருந்தாலும் பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம். தவிரவும் நேர்ச்சாலையில் 250-ல் போவது காரின் திறமை, உங்களுடையது அல்ல. ஓட்டும் சுகம் கிடைப்பது ஊர்களுக்கு நடுவே வளைந்து ஓடும் லாண்ட்ஸ்ட்ராஸேயில்தான். கருங்காட்டின் மேல் பாடன்-பாடனிலிருந்து ஃபிராய்டன்ஸ்டாட் வரை போகும் பி500 போன்ற சாலைகளைச் சொல்கிறேன். அந்த வகைச் சாலைகளில் உச்ச வேகமே 100, பல இடங்களில் அதற்கும் கீழே. எம்3 அதை இரண்டாம் கியரிலேயே தாண்டிவிடும். 500 குதிரையை வாங்கிக் கட்டிவைத்துவிட்டு 150-ஐ மட்டும் ஓட்டப்போகிறீர்கள் என்று அர்த்தம். இலேசான, பலம் குறைந்த கார் அங்கே உங்களுக்கு அதிக வேலை கொடுக்கும், அதிக சந்தோஷமும் கொடுக்கும்.

நகரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் போட்டி போடும் ஆசை இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். 2017 முதல் சாலைப் பந்தயம் இங்கே குற்றவியல் சட்டத்தில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எதிராளியே இல்லாமல் தனியாக உச்ச வேகத்தை எட்டப் பார்த்து மூர்க்கமாக ஓட்டினாலும் அதே பிரிவு பாயும், காரும் பறிபோகலாம். உயிர்ச்சேதம் ஆனால் பத்து ஆண்டு வரை சிறை. நூர்பர்க்ரிங்கின் பழைய தடமான நார்ட்ஷ்லைஃபே மேல் கனவு உள்ளவர்களுக்கும் ஒரு சொல். 20.832 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம் பொதுமக்களுக்குத் திறக்கும் நாட்களில் கட்டணம் கட்டி யாரும் நுழையலாம். ஆனால் பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் அதை விலக்கிவைத்திருக்கின்றன. இரும்புத் தடுப்பில் இடித்தால் அந்தத் தடுப்புக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். போகுமுன் பாலிசியைப் படியுங்கள்.

வாங்கும்போது கவனிக்கச் சிலவற்றைச் சொல்கிறேன். வி8 எம்3 என்றால் கனெக்டிங் ராட் பேரிங் மாற்றியாயிற்றா என்று கேளுங்கள், மாற்றிய ரசீதைப் பாருங்கள். கெட்டியான 10டபிள்யூ-60 ஆயில்தான் ஊற்றினார்களா என்று பாருங்கள். சி63-ல் தொடக்கக் கார்களின் ஹெட் போல்ட் உடைவது தெரிந்த விவகாரம், மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். ஆர்எஸ்4-ல் நேரடி இன்ஜெக்‌ஷன் காரணமாக இன்டேக் வால்வில் கரி படியும், சுத்தம் செய்த விவரம் வேண்டும். இவை அந்தக் கார்களின் இயல்பு, இவற்றைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டாம், விலையில் கழித்துப் பேசுங்கள். சக்கரம், ஸ்பிரிங், சைலன்சர் என்று எது மாற்றியிருந்தாலும் ஆவணத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் டூஃப் சோதனையில் திணற வேண்டியிருக்கும். இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கும் விற்பனையாளரிடம், ஆறிய பிறகு மறுபடி வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் முதல் சில வினாடியில் சொல்லும் உண்மையை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

டெஸ்ட் டிரைவில் காரை ஆட்டோபானுக்குக் கொண்டுபோகாதீர்கள். முடிந்தால் ஈரமான கிராமத்துச் சாலைக்குக் கொண்டுபோங்கள். ஸ்டீயரிங்கின் முதல் சில டிகிரியில் மூக்கு அசைகிறதா? பிரேக் பெடல் கால் அழுத்தும் அளவுக்குத்தான் பிடிக்கிறதா, அதிகமாகப் பாய்கிறதா? மேடுபள்ளத்தில் உடற்கூடு ஒரே அசைவில் அடங்குகிறதா, இரண்டு மூன்று முறை ஆடுகிறதா? அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இந்த மூன்றும் தெரிந்துவிடும். அறுபதில் சுகம் தராத கார் இருநூறிலும் தராது.

கடைசியாக, பணத்தைப் பற்றி. கையில் இருப்பதை முழுவதும் காருக்கே போடாதீர்கள். ஒரு படி கீழே இருக்கும் காரை வாங்கி, மிஞ்சும் பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் புதிய பிரேக் ஆயிலும் போடுங்கள். குளிர்கால டயருக்குத் தனியாக எடுத்துவையுங்கள். மோட்டார் சங்கமான ஏடிஏசியின் பாதுகாப்பு ஓட்டுநர் பயிற்சி மையங்களில் ஒரு நாள் பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள். தண்ணீர் ஓடும் வழுக்குத்தளத்தில் கார் வழுக்கத் தொடங்கும் கணத்தில் உங்கள் கையும் காலும் என்ன செய்கின்றன என்று அங்கே தெரியும். அதைப் பார்த்த பிறகு 420 குதிரை வேண்டுமா, 295 போதுமா என்று உங்களுக்கே விளங்கிவிடும். இவ்வளவும் செய்த பிறகும் எம்4 கூபேதான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால் தாராளமாக வாங்குங்கள். அழகுக்காக வாங்கினேன் என்று சொல்லிவிடுங்கள், ஒரு குறையும் இல்லை. செடானை ஓட்டுபவனுக்கு ஓட்டத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் சண்டைக்கு வருவேன், அதுவும் ஒரு 500இ-ல்!

அன்புடன்,
உங்களில் ஒருவன்